ஸ்கார்பியோ இன்ஜின்கள்: மனசை விட்டுப் போகாத ஒரு அனுபவம் சொல்லுங்க

நாமக்கல்_மலையேறி
2007 மாடல் ஸ்கார்பியோ, 2.6 லிட்டர் சிஆர்டிஇ, அதாவது உயர் அழுத்தத்துல டீசல் தெளிக்கிற காமன் ரெயில் இன்ஜின், மாமாவோட வண்டி. கொல்லிமலை ஏறிட்டிருந்தோம். உள்ளே ஏழு பேர், மேலே கேரியர் நிறைய சமையல் பாத்திரம். மொத்தம் 70 கொண்டை ஊசி வளைவுல 50-ஐத் தாண்டி ஏதோ ஒண்ணு, ரெண்டாவது கியர். எதிரே பஸ். வேகத்தைக் குறைச்சதும் ஆர்பிஎம் முள் 1200-க்கு விழுந்திருச்சு. 1700 கிட்டப் போகாம அந்த டர்போ, இன்ஜினுக்குள்ள காத்தைத் திணிக்கிற விசிறி, எழுந்திருக்காதுன்னு தெரியும், தெரிஞ்சும் கியரைக் குறைக்கல. ஆக்ஸிலரேட்டர் தரையைத் தொட்டுச்சு, வண்டி ஒரு குலுக்கு குலுக்கி ஆஃப் ஆயிருச்சு. நான் பிரேக்கைப் பிடிக்கறதுக்குள்ள ஒரு முழம் பின்னாடி உருண்டாச்சு. மாமா கதவைத் திறந்து குதிச்சு, ஓரத்துல கிடந்த கல்லைத் தூக்கிப் பின் டயருக்கு முட்டுக் கொடுத்தார். டயர் அந்தக் கல்லு மேல சாய்ஞ்ச சத்தம் இன்னும் காதுல இருக்கு. திட்டவே இல்ல. "முதல் கியர் போடு மாப்ள"ன்னார், அவ்வளவுதான்.

போன வருஷம் நண்பரோட 'ஸ்கார்பியோ என்', புது மாடல், 175 குதிரைத்திறன் டீசல், அதே மலை. 1500-லயே 370 நியூட்டன் மீட்டர் இழுவை வந்து நிக்குது, ரெண்டாவதுலயே தாராளமா ஏறும். அந்த வளைவுல மட்டும் முதல் கியருக்குப் போயிட்டேன்.

தாம்பரம்_பழைய_2.6
சார், இதைப் படிச்சவங்க 2.6 இழுக்காதுன்னு நினைச்சுக்கப் போறாங்க. தப்பு கியர்ல எந்த டர்போ டீசலும் நிக்கும். என்னோடது 2002-ல வந்த முதல் வகை, காமன் ரெயில் கிடையாது, 109 குதிரைத்திறன்தான். 2015 டிசம்பர் வெள்ளத்துல முடிச்சூர்ல இருந்து ஒரு பாட்டியையும் ரெண்டு குழந்தைகளையும் அதுலதான் ஏத்தி வந்தேன். தண்ணி ஃபுட்போர்டு வரைக்கும். முதல் கியர், ஒரே சீரான மிதி, கால் எடுக்கவே இல்ல. பாட்டி மடியில ஒரு துணிப்பை, அதுல ரேஷன் கார்டு. வழி நெடுக அதைத் தடவிப் பார்த்துக்கிட்டே வந்தாங்க.

பட்டறை_நெல்லை
மாஞ்சோலை ஏறி இறங்கின ஒரு பழைய எம்ஹாக், 2.6-க்குப் பின்னாடி வந்த 2.2 லிட்டர் டீசல், நம்ம பட்டறைக்கு வந்தது. டர்போ ஷாஃப்ட் இறுகிப் போச்சு. மேலே போனதும் சட்டுனு சாவியைத் திருப்புறது அந்த ஓட்டுநருக்குப் பல வருஷப் பழக்கம்.

அதனால சொல்லுதேன். மலை ஏறி நிறுத்தினா ஒரு நிமிஷம் ஐடிலிங்ல விடுங்க. டர்போ சூட்டுல சிவந்து கிடக்கும், இன்ஜின் நின்னா ஆயில் ஓட்டமும் நின்னுரும், உள்ளே இருக்கிற ஆயில் கருகிப் பிசினாப் பிடிச்சுக்கும். காலையில ஸ்டார்ட் பண்ணின உடனே ஆக்ஸிலரேட்டரை முறுக்காதீங்க. பழைய வண்டி வாங்கப் போறவங்க, இன்ஜின் சூடாகிறதுக்கு முன்னாடியே போய் நில்லுங்க. விக்கிறவர் ஏற்கெனவே ஸ்டார்ட் பண்ணி வெச்சிருந்தா இன்னொரு நாள் வாரேன்னு சொல்லிட்டுக் கிளம்புங்க. ஓடும்போதே ஆயில் மூடியைத் திறந்து பாருங்க, புகை குபுகுபுன்னு வந்தா பிஸ்டன் ரிங் போச்சு. டர்போ காத்தைக் குளிர வைக்கிற இன்டர்கூலரோட பைப்பையும் கையால தடவிப் பாருங்க, லேசான ஈரம் பரவாயில்ல, ஆயில் சொட்டக் கூடாது.

ஈரோடு_வடக்குப்பதிவு
அண்ணே, இதைப் படிச்சிருந்தாலும் என் கதை மாறியிருக்காதுங்க. டெல்லிப் பதிவு, 2016 மாடல் வாங்கினேன். 2.2 எம்ஹாக்னு ஊரெல்லாம் சொல்லிட்டேன். ஸ்பேர் பார்ட்ஸ் கடையில பையன் "2.2-ஆ, 1.99-ஆ?"ன்னான். எனக்கு விளங்கல. ஆர்சியை எடுத்தா சிசி 2000-க்குக் கீழே. 2015 டிசம்பர்ல உச்ச நீதிமன்றம் டெல்லி வட்டாரத்துல 2000 சிசியும் அதுக்கு மேலயும் உள்ள டீசல் கார்ப் பதிவை நிறுத்தினப்போ, அதுக்காகவே வந்த இன்ஜினாம். 2016 ஆகஸ்ட்ல தடை நீங்கிருச்சு. பவர் அதே 120தான், ஓட்டறப்போ வித்தியாசமே தெரியல. ஆனா வித்தவருக்குத் தெரிஞ்சிருக்கும்ல? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்க.

மதுரை_பெட்ரோல்
யாருமே பெட்ரோல் பக்கம் வரலையே. ஆரம்ப காலத்துல ரெனோவோட 2 லிட்டர் பெட்ரோல் கூட இதுல இருந்துச்சு. இப்ப என்கிட்ட இருக்கிறது 'ஸ்கார்பியோ என்', எம்ஸ்டாலியன்ங்கிற 2 லிட்டர் டர்போ பெட்ரோல் இன்ஜின், 203 குதிரைத்திறன். முன்னாடி 2.6 வெச்சிருந்தோம். அது தெருமுனை திரும்பும்போதே அம்மா சத்தம் கேட்டு கேட்டைத் திறந்துருவாங்க. புது வண்டி எடுத்த அன்னைக்கு ராத்திரி பூட்டின கேட்டுக்கு முன்னாடி நின்னுக்கிட்டே இருந்தேன். அம்மா உள்ளே ஜன்னல் பக்கம் உட்கார்ந்து எனக்காகக் காத்துக்கிட்டு இருந்திருக்காங்க. இப்பல்லாம் பிள்ளையார் கோயில் முக்குல ஒரு தடவை ஹார்ன் அடிச்சுட்டு வர்றேன்.