பெரிய டெக் கம்பெனியா, கூலிமிலேயே இருக்கவா?

பாடாங் செராய் தம்பி: பினாங்குத் தீவு பாயான் லெப்பாஸில் பெரிய சிப் கம்பெனி கூப்பிடுது. கூலிமில் ஒரு சின்ன சாஃப்ட்வேர் ஆபீஸும் கூப்பிடுது; சம்பளம் குறைவு, ஆனா மோட்டார் சைக்கிளிலேயே போய் வரலாம். அம்மா இன்னும் செம்பனைத் தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்குறாங்க. தனியா விட மனசில்லை. எதை எடுக்கலாம்?

அக்கா, பினாங்கு: பெரிய இடத்துக்கே போப்பா. 1972-ல் இன்டெல் சிப் கம்பெனி வந்த ஊர். பழகின பெரிய இன்ஜினியர்கள் பக்கத்திலேயே இருப்பாங்க. சேமநிதி, மருத்துவக் கார்டு எல்லாம் ஒழுங்கா வரும். கம்பெனி பங்கு தந்தா மட்டும் கவனம்: பெரும்பாலும் வருஷா வருஷம் பிரிச்சுத்தான் கைக்கு வரும். அதை நம்பி கார் லோன் போடாதே.

அண்ணன், சுங்கை பட்டாணி: ராத்திரி அமெரிக்காக்காரங்களோட மீட்டிங் இருக்குமான்னும் கேட்டுக்கோ. ஆள்குறைப்பும் பெரிய கம்பெனியிலதான் மொத்தமா நடக்கும். சின்ன ஆபீஸில் சர்வர் முதல் கஸ்டமர் வரை நீதான் பார்ப்பே, கை சீக்கிரம் தேறும்.

தம்பி: பெரிய கம்பெனியில் ஷிஃப்ட் நேரம் கேட்டு இன்னைக்கே எழுதுறேன். சனி, ஞாயிறு வீட்டுக்கு வர முடியும்னா அங்கேதான்.