காலேஜ்ல புள்ளைங்க நிஜமா எங்க உக்காந்து படிக்கிறாங்க? உங்க அனுபவத்த சொல்லுங்க

ஊட்டி கெஸ்ட் லெக்சரர்:

வணக்கம்ங்க. ஊட்டி பக்கம் ஒரு காலேஜ்ல வேலை, பேரு வேணாம். காலேஜுக்கு தரம் பாத்து கிரேடு குடுக்குற நாக் (NAAC) விசிட் வந்தப்ப நாலாவது கிரைடீரியன் ஃபைல், அதாங்க கட்டடம், லேப், லைப்ரரி எல்லாம் வர்ற ஃபைலு, அத என் தலையில கட்டிட்டாங்க. எத்தனை ரூமு எத்தனை புரொஜெக்டருன்னு எண்ணி எழுதியாச்சு. எங்க டிபார்ட்மெண்ட் தலைவர் ஹெச்ஓடி, "ரூம் பத்தலைன்னு ஒரு வரி போட்டுருப்பா, புது பிளாக் கேக்கலாம்"னாரு. எனக்கு சந்தேகம். ஜனவரியில ஒரு வாரம் ஒவ்வொரு ஹவருக்கும் நோட்டும் கையுமா எல்லா ரூமையும் எட்டிப்பாத்து தலையை எண்ணுனேன். கணக்கு சிம்பிள் தான், ரூம் எத்தனை மணிநேரம் ஓடுது, ஓடுறப்ப எத்தனை சீட்டு நிறையுது, ரெண்டையும் பெருக்கணும். பாதி நேரம் ஓடி பாதி சீட்டு நிறைஞ்சா 25 சதவீதம். எங்களுக்கு அது கூட வரல. பத்தலைன்னு சொன்ன அதே காலேஜ்ங்க!

விஷயம் என்னன்னா காலைல 9 மணிக்கு ரூம் ஐஸ் மாதிரி இருக்கும், மூணரைக்கு மேல பாதிப்பேரு மஞ்சூர் பஸ்ஸுக்கு ஓடிருவாங்க, அதனால எல்லா டிபார்ட்மெண்டும் பத்துல இருந்து ஒண்ணு வரைக்கும் தான் ரூமுக்கு அடிச்சுக்குது. மத்த நேரம் பூட்டு.

கூட்டுற அக்கா ஒருத்தங்க, படுகர் அம்மா, நான் சுத்துறத நாலு நாள் பாத்துட்டு கேட்டாங்க: "ஏன் சாரு, எங்கிட்ட கேட்டா சொல்லமாட்டனா? வர்க்கித் தூளும் பேனா மூடியும் எங்க கூட்டுறனோ அங்கதான் புள்ளைங்க இருக்குது." அது கேன்டீனுக்குப் பின்னாடி கிழக்கு பாத்த படிக்கட்டு. செலவு பண்ணி வடக்கு மூலையில கட்டுன டிஜிட்டல் சென்டர்ல அவங்க கூட்டுறது செத்த விட்டில் பூச்சி மட்டும் தானாம், ராத்திரி லைட்ட அணைக்காம போறதால.

குன்னூர் சிவில்:

சார் அந்த வடக்கு மூலை எங்க சிவில் இன்ஜினியர் ஆளுங்க பண்ற தப்பு தான், ஒத்துக்கறேன். கீழ்நாட்டுல வெயில் வராம இருக்கத்தான் பிளான் போடுவோம், அதே பிளான அப்படியே வெயிலுக்கு ஏங்குற மலைக்கு தூக்கிட்டு வந்துர்றது. நான் சைட் பாத்த ஒரு காலேஜ்ல தகர ஷீட்டுக்கு கீழ ஒண்ணுமே இல்ல, ஜூன் மாசம் மழை புடிச்சா வாத்தியார் வாய் அசையறது மட்டும் தான் தெரியும். சீலிங் போட்டா சரியாயிரும்னு லேசான பஞ்சு போர்டு அடிச்சாங்க. ரூமுக்குள்ள எதிரொலி குறைஞ்சுது, மழைச்சத்தம் அப்படியே இருந்துச்சு, ஏன்னா ரெண்டும் வேற வேற வியாதி. எதிரொலிக்கு சத்தத்த குடிக்கிற மெத்துன்னு ஒரு சரக்கு போதும் (சாதாரண கிளாஸ்ரூம்ல சத்தம் அடங்க 0.6 செகண்டுக்கு மேல ஆகக்கூடாதுன்னு அமெரிக்க ஸ்டாண்டர்டு ஒண்ணு இருக்கு), ஆனா மழைக்கு ஷீட்டு அதிர்றதையே அடக்கணும், வெயிட்டா ஒரு லேயர் வேணும். அந்த பஞ்சு போர்டும் ரெண்டு சீசன்ல பூஞ்சை புடிச்சு கருத்துருச்சு.

அப்புறம் நீலகிரியில பொதுவா ரூல் படி கட்டடத்த 7 மீட்டருக்கு மேல உயர்த்த முடியாது, அதனால பிளாக்க சரிவுல பரப்புறோம், ஒரு கிளாஸ்ல இருந்து அடுத்ததுக்கு 60 படி 70 படி. கால் முடியாத புள்ளைக்கு அந்த ரூம் இருந்தும் இல்லாத மாதிரி தான், ரேம்ப்னு காட்டுறது கிரவுண்ட் ஃப்ளோர் ஆபீஸ் வாசல்ல மட்டும் இருக்கும்.

கொடை பொண்ணு:

நான் கொடைக்கானல்ல ஹாஸ்டல்ல தங்கிப் படிச்சவ. எங்களுக்கு ஃபீட்பேக் ஃபார்ம் குடுத்தாங்க, 1 டு 5 வட்டம் போடணும், மேல ரோல் நம்பர் எழுதணும். இன்டர்னல் மார்க் யார் கையில இருக்குன்னு தெரியாதா என்ன, கிளாஸ் மொத்தமும் 5. பாத்ரூம்ல தண்ணி வருதா, ரீடிங் ஹால்ல எத்தனை பிளக் பாயிண்ட் வேலை செய்யுதுன்னு ஒரு கேள்வி இல்ல. ஜன்னல தொறந்தா மிஸ்ட் உள்ள வந்து புக்கெல்லாம் நமுத்துப்போகும், மூடுனா 60 பேர் மூச்சுல ரெண்டாவது ஹவரே தூக்கம் சொக்கும். ஜெர்கின போட்டுட்டு வெளில உக்கார்றதே மேல்னு போயிருவோம்.

லவ்டேல் பெருசு:

வகுப்புக்குன்னே கட்டுனா தான் வகுப்பாகும்னு இல்ல தம்பி. ஊட்டி கல் பங்களா, 1822-ல கோயமுத்தூர் கலெக்டர் சல்லிவன் தான் குடியிருக்க கட்ட ஆரம்பிச்ச வீடு, 1955-ல அங்கதான் அரசு கலைக்கல்லூரி வந்துச்சு. ஒருதடவ எக்ஸாம் டூட்டிக்கு போயி அந்த சுவர் தடிமன பாத்துட்டு நின்னேன்.

ஊட்டி கெஸ்ட் லெக்சரர்:

குன்னூர் சார், மழைச்சத்தம் மேட்டர் எனக்கு புதுசு, நன்றி. எங்க கதைய முடிச்சிடறேன். புது பிளாக் வேணாம், அந்த படிக்கட்டுக்கு மேல ஒரு கூரை, நாலு பெஞ்சு, ரெண்டு பிளக் பாயிண்ட் போதும்னு எழுதிக் குடுத்தேன். "படிக்கட்டுக்கு எந்த பட்ஜெட் ஹெட்ல ஃபண்டு கேக்குறது?"ன்னு ஃபைல் திரும்பி வந்துச்சு. பழைய எக்ஸாம் ஹால் பெஞ்சு நாலு மட்டும் கெடச்சுது, எந்தப்பக்கம் போடணும்னு அக்கா தான் காட்டுனாங்க.

கொடை தங்கச்சி, நீங்க சொன்ன பிளக், பாத்ரூம் ரெண்டும் என் நோட்டுல இல்ல, சேத்துக்கறேன். வேற யாராச்சும் இந்த மாதிரி தலை எண்ணப் போறீங்கன்னா மழை நாள்லயும் ஒரு வாரம் எடுங்க. நான் ஜனவரி கணக்க வெச்சுக்கிட்டு எல்லார்கிட்டயும் பெருமை பீத்திட்டு ஜூன்ல போய் பாத்தா அந்த படிக்கட்டுல ஒரு ஈ காக்கா இல்ல, பெஞ்சு நாலும் நனைஞ்சு கெடக்கு. புள்ளைங்க எல்லாம் ஜெராக்ஸ் ரூம் வாசல்ல, மெஷின் சூட்டுக்கு.