அப்பாவின் லேத் எந்த மாடல்? தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். குளச்சலில் அப்பா நடத்திய பட்டறையில் ஒரு பழைய லேத் (கடைசல் இயந்திரம்) நிற்கிறது. விசைப்படகுகளின் புரொப்பல்லர் ஷாஃப்ட்டுகளை அதில்தான் கடைந்தார். பெயர்த்தகடு இருந்த இடத்தில் நான்கு ரிவெட் துளைகளே மிச்சம். தகட்டை உப்புக்காற்று தின்றுவிட்டது.

மூன்று படிக் கோன் புல்லி, தட்டை பெல்ட், வேகம் குறைக்கும் பேக் கியர், வேலைப்பொருளைப் பிடிக்கும் சக்கின் கீழே பள்ளம் விட்ட கேப் பெட். கியர் பாக்ஸ் கிடையாது. மரை வெட்டப் பல்சக்கரங்களைக் கையால் மாற்றி மாட்ட வேண்டும். மரை வெட்டும்போது வெட்டுக்கருவியை நகர்த்தும் லீட் ஸ்குரூவில் அங்குலத்துக்கு 4 மரை. போல்ட்டுகளுக்குப் பழைய பிரிட்டிஷ் அளவான விட்வொர்த் ஸ்பேனர்தான் கச்சிதமாகப் பிடிக்கிறது. அதனால் பிரிட்டிஷ் இயந்திரம், அல்லது அதைப் பார்த்து நம் நாட்டில் வார்த்தது என்று நினைக்கிறேன்.

அமெரிக்கத் தயாரிப்பான சவுத் பெண்ட் லேத்துகளில் டெயில்ஸ்டாக் பக்கத்துப் (சக்குக்கு எதிர்ப்பக்கம்) பெட் முனையில் வரிசை எண் பொறித்திருக்கும். அதே இடத்தை மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்துப் பார்த்தேன். 4, 7 என்ற இரண்டு இலக்கங்கள் தெரிகின்றன. அடுத்தது துருவுக்குள் இருக்கிறது.

லீட் ஸ்குரூவைக் கவ்வும் ஹாஃப் நட் தேய்ந்து மரை வழுக்குகிறது. மாடல் தெரிந்தால் பொருத்தமான பாகம் தேடலாம். பழைய இரும்புக்கு எடை போட்டுக் கேட்கிறார்கள். கொடுக்க மனம் வரவில்லை. நாகர்கோவில் கோணம் தொழிற்பேட்டையில் வேலை பார்த்த மூத்த டர்னர்கள் யாரேனும் இருந்தால் படங்களைப் பார்த்துச் சொல்லுங்கள் அண்ணாச்சி. வேறு எந்தப் பாகத்தைப் படமெடுக்க வேண்டும் என்றாலும் இன்றே எடுத்துப் போடுகிறேன்.