தரிசனம், சொப்பனம், உள்ளே கேட்ட சத்தம்: சோதித்தறிவது எப்படி?

பெரோயா:

அனுபவத்தை எழுதுகிறவர்கள் தயவுசெய்து அதை மூன்றாகப் பிரித்து எழுதுங்கள். கண்டது அல்லது கேட்டது என்ன? அதற்கு நீங்கள் எடுத்துக்கொண்ட அர்த்தம் என்ன? அதை நம்பி என்ன செய்யப்போகிறீர்கள்? "வேலையை விடச் சொல்லிக் கர்த்தர் பேசினார்" என்று ஒரே வரியில் எழுதினால் மூன்றும் குழைந்துவிடும். விசாரித்தால், கண்டது பூட்டிய கதவும் வெளியே வெளிச்சமும் உள்ள ஒரு சொப்பனமாக இருக்கும். வேலையைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இராது. பெரும்பாலும் பிசகுவது கண்டதில் அல்ல, அடுத்த இரண்டு படிகளில்தான்.

அப்போஸ்தலர் 10ஐப் பாருங்கள். பேதுரு தரிசனத்தில் வானத்திலிருந்து இறங்கிய துப்பட்டியைக் கண்டார், சத்தத்தையும் கேட்டார், அது மூன்றுதரம் நடந்தது. அப்படியும் அவருக்கு அர்த்தம் பிடிபடவில்லை. யூதரல்லாத படைத்தலைவர் கொர்நேலியு அனுப்பிய ஆட்கள் வாசலில் வந்து நின்றபிறகே தெளிவு வரத்தொடங்கியது. 21ஆம் அதிகாரத்தில் அகபு பவுலின் கச்சையை எடுத்துத் தன் கைகால்களைக் கட்டிக்கொண்டு, இந்தக் கச்சைக்குரியவரை எருசலேமில் இப்படிக் கட்டுவார்கள் என்று தீர்க்கதரிசனம் சொல்கிறார். அதைக் கேட்ட சகோதரர்கள் "எருசலேமுக்குப் போகவேண்டாம்" என்று அழுதார்கள். பவுலோ அதே செய்தியை ஏற்றுக்கொண்டு, போகவேண்டும் என்றே முடிவுசெய்தார். செய்தி ஒன்று, முடிவுகள் இரண்டு.

எரேமியா 32 இன்னும் நுட்பமானது. பெரிய தகப்பன் மகன் அனாமெயேல் வந்து நிலத்தை வாங்கச் சொல்லுவான் என்று வார்த்தை உண்டாகிறது. அவன் வந்து அதே சொற்களைச் சொன்னபிறகுதான், அது கர்த்தருடைய வார்த்தை என்று அறிந்துகொண்டதாக எரேமியா எழுதுகிறார். 17 சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்தது அதற்குப் பிறகு. பல வருடங்கள் தீர்க்கதரிசியாக இருந்தவரே உறுதிக்குக் காத்திருந்தார் என்றால், நேற்று இரவு ஒரு சத்தத்தைக் கேட்டவர் காலையிலேயே ராஜினாமாக் கடிதம் கொடுப்பானேன்?

குறித்துவைக்கும் விதமும் முக்கியம். கூடுமானால் ஒருமணி நேரத்துக்குள் காகிதத்தில் எழுதுங்கள். தேதி, நேரம், கேட்ட சொற்கள் அப்படியே. "மனதில் பட்டது" என்றால் பட்டது என்றே எழுதுங்கள், "கேட்டது" என்று மாற்றவேண்டாம். முந்தின இரவு எத்தனை மணிநேரத் தூக்கம், உபவாசமா, காய்ச்சலா, புதிதாக ஏதாவது மருந்தா, அன்று கேட்ட பிரசங்கம் எதைப் பற்றியது என்பதும் அதே தாளில் இருக்கட்டும். வசன ஆதாரத்தை அதில் எழுதாதீர்கள். அது விளக்கம், அதற்குத் தனித்தாள். எழுதிய பிறகே பிறரிடம் சொல்லுங்கள். ஒவ்வொரு முறை சொல்லும்போதும் கேட்பவரின் முகத்தைப் பார்த்து நினைவு தன்னைத் திருத்திக்கொள்ளும். நாலாம் முறை சொல்லும்போது "ஒரு வெளிச்சம்" என்பது "வெண்வஸ்திரம் தரித்த ஒருவர்" ஆகிவிடும். சொல்பவர் பொய் சொல்லவில்லை, முதல் தாள் அவரிடம் இல்லை, அவ்வளவுதான்.

மேய்ப்பன்வேலை:

பெரோயா சொன்ன மூன்று பிரிவுக்கு ஆமென். சோதிக்கும் வரிசையைப் பற்றி நான் சேர்க்கிறேன்.

"சொன்னது நடந்ததா?" என்ற ஒரே கேள்வியோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். உபாகமம் 18:22 அதைத்தான் கேட்கிறது. ஆனால் அதற்கு முன்பே 13ஆம் அதிகாரம், சொன்ன அடையாளம் நடந்தாலும், வேறே தேவர்களைப் பின்பற்ற அழைத்தால் செவிகொடாதே என்கிறது. ஆக நடக்காதது தேவனிடத்திலிருந்து வரவில்லை. நடந்தது தேவனிடத்திலிருந்துதான் வந்தது என்று சொல்லவும் முடியாது. பிலிப்பியில் குறிசொல்லும் ஆவி பிடித்த பெண் பவுலைப் பற்றிச் சொன்னது முழு உண்மை. பவுல் அதைச் சாட்சியாக எடுத்துக்கொள்ளாமல் அந்த ஆவியைத் துரத்தினார். ஜெபக்கூட்டத்துக்கு வந்த ஊழியர் நம் வீட்டு ரகசியத்தைச் சரியாகச் சொன்னார் என்பதற்காக அவர் அடுத்துச் சொல்லும் போதனையும் சரி என்று எடுத்துக்கொள்வது இந்த இடத்தில்தான் தவறுகிறது.

எனவே முதல் கேள்வி கிறிஸ்துவைப் பற்றியது. 1 யோவான் 4:1-3 வைக்கும் அளவுகோல், மாம்சத்தில் வந்த இயேசுகிறிஸ்துவை அறிக்கைபண்ணுகிறதா என்பதே. கலாத்தியர் 1:8 இன்னும் கடுமை: வானத்திலிருந்து வரும் தூதனே வேறொரு சுவிசேஷத்தைச் சொன்னாலும் தள்ளு. இரண்டாவது, ஏற்கெனவே தெளிவாகக் கட்டளையிடப்பட்டதோடு மோதுகிறதா. 1 இராஜாக்கள் 13இல் யூதாவிலிருந்து வந்த தேவனுடைய மனுஷனுக்கு "அங்கே அப்பம் புசியாதே" என்று நேரடிக் கட்டளை இருந்தது. கிழவனான தீர்க்கதரிசி ஒருவன் "ஒரு தூதன் என்னோடே பேசினான்" என்று பொய் சொல்லி வீட்டுக்கு அழைத்தான். சொன்னவன் வயதில் மூத்தவன், அவனும் தீர்க்கதரிசி, தேவதூதனின் பெயரையும் சேர்த்துச் சொன்னான். நம்பிப் போனவர் வழியில் சிங்கத்தால் மாண்டார்.

மூன்றாவது, சாட்சிகள். இரண்டு மூன்று பேர் உறுதிப்படுத்தினார்கள் என்று வருவோரிடம், அவர்களுக்கு விஷயம் எப்படித் தெரியும் என்று கேளுங்கள். நீங்களே சொல்லி, ஜெபிக்கச் சொல்லி, அவர்கள் "எங்களுக்கும் சமாதானமாயிருக்கிறது" என்றால் அது உங்கள் குரலின் எதிரொலி. ஒரே கூட்டத்தில் ஒரே செய்தியைக் கேட்ட மூவர் ஒரு சாட்சிக்குச் சமம்.

பனியில் நனைகிறதா என்று கிதியோன் அடையாளம் கேட்டுப் போட்ட ஆட்டுத்தோலைப் பற்றியும் சொல்லியாகவேண்டும். அவனுக்கு என்ன செய்யவேண்டும் என்ற கட்டளை ஏற்கெனவே வந்தாயிற்று. வழி தெரியாமல் அவன் தோலைப் போடவில்லை. அதுவும் அவன் கேட்டது சாதாரணமாக நடக்காத ஒன்று. "நாளைக்குள் போன் வந்தால் உமது சித்தம்" என்கிறோமே, போன் எப்படியும் வரும். தற்செயலாகவே நடக்கக்கூடிய அடையாளம் எதையும் நிரூபிக்காது. கண்ணை மூடி வேதத்தைத் திறந்து விரல் வைப்பதும் இதே வகை.

சபையில் செய்யவேண்டியதை 1 கொரிந்தியர் 14 எண்ணிக்கையோடு தருகிறது. தீர்க்கதரிசிகள் இரண்டு மூன்று பேர் பேசலாம், மற்றவர்கள் நிதானிக்கவேண்டும். அந்நியபாஷையும் அப்படியே, ஒருவர்பின் ஒருவராக. அர்த்தஞ்சொல்லுகிறவன் இல்லாவிட்டால் சபையில் மௌனம். 32ஆம் வசனம், தீர்க்கதரிசிகளுடைய ஆவிகள் தீர்க்கதரிசிகளுக்கு அடங்கியிருக்கிறது என்கிறது. "என்னால் நிறுத்தவே முடியவில்லை" என்பவருக்கு அதுவே பதில். நடைமுறையில் இன்னொரு வரம்பும் வைப்பது நல்லது: திருமணம், சொத்து, குழந்தைப்பேறு, மருந்தை நிறுத்துவது ஆகிய நான்கிலும் தனிநபர் தீர்க்கதரிசனத்தை மூப்பர்கள் இல்லாமல், ஒலிப்பதிவு இல்லாமல் சொல்லக்கூடாது. பதிவு இருந்தால் பிற்பாடு "நான் அப்படிச் சொல்லவில்லை" என்று வராது.

நடுக்கம், கண்ணீர், தரையில் விழுவது: இவற்றுக்கு மதிப்பெண் கொடுக்காதீர்கள், கழிக்கவும் வேண்டாம். எழுப்புதல் காலத்துச் சர்ச்சையின் நடுவே அமெரிக்கப் போதகர் ஜோனத்தான் எட்வர்ட்ஸ் 1741இல் இதைத்தான் வரிசைப்படுத்தினார். சரீர விளைவு, பெருஞ்சத்தம், கற்பனைக் காட்சிகள், சிலரின் பின்வாங்குதல் என்று ஒன்பது விஷயங்கள் எந்தப் பக்கமும் அத்தாட்சி ஆகா என்றார். பிறகு 1 யோவான் 4இலிருந்து ஐந்து நிச்சய அடையாளங்களை வைத்தார்: இயேசுவின்மேல் மதிப்பு உயர்வது, பாவத்துக்கு விரோதமாகச் செயல்படுவது, வேதத்தை அதிகம் மதிக்கச்செய்வது, சத்தியத்துக்கு நடத்துவது, தேவனிடத்திலும் மனிதரிடத்திலும் அன்பு.

தெளிதல்:

கத்தோலிக்க மரபிலிருந்து சில. இயேசு சபையைத் தொடங்கிய லொயோலா இஞ்ஞாசியாரின் ஆன்மிகப் பயிற்சிகளில் ஆவிகளைத் தெளிந்தறியும் ஒழுங்குகள் இரண்டு தொகுதிகள், பயிற்சியின் முதல் வாரத்துக்கு 14, இரண்டாம் வாரத்துக்கு 8. நடைமுறைக்கு உடனே உதவுபவை நான்கு.

மனம் வறண்டு இருண்டிருக்கும்போது முன்பு எடுத்த முடிவை மாற்றாதே. ஆன்ம ஆலோசகரிடம் மறைக்கச் சொல்லும் தூண்டுதலைச் சந்தேகி. ஓர் எண்ணத்தின் தொடக்கம், நடு, முடிவு மூன்றையும் பார். தொடக்கம் பக்தியாக இருந்து, முடிவு கலக்கத்திலோ, முன்பு செய்துவந்ததைவிடக் குறைந்த நன்மையிலோ போய் நின்றால் அது நல்ல இடத்திலிருந்து வரவில்லை. உதாரணமாக, அதிகம் செபிக்கவேண்டும் என்று தொடங்கி, பிறகு குடும்பத்தார் செபத்துக்குத் தடை என்று ஆகி, கடைசியில் நோயாளியான தாயைக் கவனிக்காமல் விடுவதில் முடியும் எண்ணம். முதல் படியை மட்டும் பார்த்தால் குறைசொல்ல முடியாது.

நான்காவதுதான் பலரும் கவனிக்காதது. உண்மையாகவே கடவுளிடமிருந்து வந்த ஆறுதல் என்றாலும், அந்தக் கணத்தையும் அதற்குப் பின் வரும் நேரத்தையும் பிரிக்கச் சொல்கிறார் இஞ்ஞாசியார். பின்வரும் நேரத்தில் உள்ளம் இன்னும் சூடாக இருக்கும், ஆனால் திட்டம் போடுவது நம் சொந்தப் புத்தி. பெரோயா சொன்ன மூன்றாம் படி இங்கேதான் வழுக்குகிறது.

உள்ளே கேட்கும் சொற்களுக்கு, ஸ்பெயின் நாட்டுத் துறவி அவிலா தெரசா 1577இல் எழுதிய நூலில் மூன்று அறிகுறிகள் தருகிறார். சொன்னதைச் செய்துமுடிக்கும் வல்லமை அந்தச் சொல்லுக்கே இருப்பது, பின்னர் ஆழ்ந்த அமைதி நிலைப்பது, நெடுநாள் மறவாமல் இருப்பது. அவருடைய தோழர் சிலுவை யோவான் இன்னும் கறார்: காட்சி வந்தால் அதைப் பற்றிக்கொள்ளவே வேண்டாம், கடவுள் தந்ததென்றால் அதன் பலன் நாம் பற்றாமலே உள்ளத்தில் வேலை செய்யும் என்பார். இருவரில் யோவான் சொல்வதே பாதுகாப்பான வழி.

திருச்சபை அளவில், காட்சிகள் போன்றவற்றை விசாரிப்பதற்கான 1978இன் நெறிமுறைகளுக்குப் பதிலாக 2024 மே மாதம் புதியவை வந்தன. ஆயர் விசாரித்து, உரோமை ஆட்சித்துறையோடு கலந்து, ஆறு முடிவுகளில் ஒன்றை அறிவிப்பார். "இது இயற்கைக்கு அப்பாற்பட்டதே" என்ற அறிவிப்பு வழக்கமாக இனி இல்லை. மிக நல்ல முடிவும் "தடையில்லை" என்பதோடு நிற்கும். பாதகமாகக் கொள்ளப்படுபவற்றில் தெளிவான பிழை, கொள்கைத் தவறு, பிரிவினை மனம், பணம் புகழ் அதிகாரம் தேடுவது, உளநிலைக் கோளாறு ஆகியவை உண்டு.

இரவுக்காவல்:

மருத்துவப் பக்கத்தை யாரும் தொடவில்லை.

"விடியற்காலையில் விழிப்பு வந்தது, அசைய முடியவில்லை, நெஞ்சில் பாரம், அறையில் யாரோ நிற்கிறார்கள், இயேசுவின் நாமத்தைச் சொன்னதும் போய்விட்டது." இந்தச் சாட்சி எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வரும். கனவு காணும் தூக்கநிலையில் மூளை தசைகளைச் செயலிழக்கச் செய்து வைக்கிறது. விழிப்பு முந்திக்கொண்டால் உடல் சில வினாடி முதல் சில நிமிடம் வரை அசையாது, கனவின் உருவங்களும் கண்திறந்த நிலையில் தொடரும். தூக்கக்குறைவு, நேரம் மாறிய தூக்கம், மல்லாந்து படுப்பது ஆகியவை இதை அதிகமாக்கும். நாமத்தைச் சொன்னதும் நின்றது என்பது அதைப் பிசாசு என்று நிரூபிக்காது, ஏனென்றால் சொல்லாதவர்களுக்கும் அது நின்றுவிடுகிறது. செபிக்கவேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த நேரத்தில் செபம் பயத்தைத் தணிக்கும். ஆனால் அந்த வீட்டுக்குப் பிசாசு துரத்தும் ஊழியம் ஏற்பாடு செய்வதற்கு முன், இரண்டு வாரம் ஒரே நேரத்தில் படுத்து எழுந்து பாருங்கள்.

இறந்தவரைக் கண்டேன், குரல் கேட்டது என்பவர்களைப் பயமுறுத்தாதீர்கள். 1971இல் வெளிவந்த ஓர் ஆய்வில் துணையை இழந்த 293 பேரில் ஏறத்தாழ பாதிப்பேருக்கு அப்படி ஏதோ ஒரு அனுபவம் இருந்தது. துக்கத்தில் தானாக வருவது ஒன்று. இறந்தவரோடு பேச முயல்வது வேறு, ஏசாயா 8:19 அதைத்தான் தடுக்கிறது. அவர் "இதைச் செய்" என்று சொன்னதாக எடுத்துக்கொண்டு நடக்கவேண்டாம், அவ்வளவே.

காத்திருக்கக் கூடாதவையும் உண்டு. தன்னையோ பிறரையோ காயப்படுத்தச் சொல்லும் குரல், பல நாள் தூக்கமே இல்லாமல் உற்சாகமும் பெரிய திட்டங்களும், முதல்முறையாக வந்த வலிப்பு அல்லது நினைவு தப்புதல், பிரசவத்துக்குப் பின் சில வாரங்களுக்குள் தொடங்கிய விசித்திரமான நம்பிக்கைகள். இவற்றில் அன்றே மருத்துவரிடம் போகவேண்டும், ஆளைத் தனியே விடக்கூடாது, உபவாசம் போடவைக்கக் கூடாது. உபவாசமும் கண்விழிப்பும் நிலைமையை மோசமாக்கும்.

பெரோயா:

பணம் பற்றி ஒரு சிறு சேர்க்கை. பன்னிரு அப்போஸ்தலரின் போதனை என்ற மிகப் பழைய கிறிஸ்தவக் கையேட்டின் 11ஆம் அதிகாரத்தில், பயணமாக வரும் ஊழியர் ஒருநாள், தேவைப்பட்டால் இரண்டு நாள் தங்கலாம், மூன்றாம் நாளும் தங்கினால் கள்ளத்தீர்க்கதரிசி என்று இருக்கிறது. ஆவியில் பேசி "எனக்குப் பணம் தா" என்றாலும் கேட்காதே, தேவையுள்ள வேறொருவருக்காகக் கேட்டால் குறைசொல்லாதே என்றும் இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், ஆவியில் பேசிக்கொண்டிருப்பவரைச் சோதிக்காதே என்று அதே அதிகாரம் சொல்கிறது. பேச்சை விட்டுவிட்டு நடத்தையைப் பார், கர்த்தருடைய வழிகள் அவரிடம் இருக்கின்றனவா என்று பார் என்பதே அதன் போக்கு.

மேய்ப்பன்வேலை:

கடைசியாக, "இது தேவனிடத்திலிருந்து வரவில்லை" என்று ஒருவரிடம் சொல்லும் விதம். உடனே சாத்தான் என்று சொல்லாதீர்கள். தேவன், சொந்த மனம், தீய ஆவி என்ற மூன்றில் பெரும்பாலானவை இரண்டாவதில் சேரும். அது பாவமும் அல்ல. அவருடைய முதல் தாளை வாங்கிப் படித்து, எந்த வரியில் உங்களுக்குத் தடை இருக்கிறது என்பதை மட்டும் காட்டுங்கள். முடிவு தெரியாவிட்டால் தெரியவில்லை என்று சொல்லி, தேதியிட்டு வையுங்கள். எரேமியா 28இல் அனனியா இரண்டு வருஷத்துக்குள் பாபிலோனின் நுகம் முறியும் என்றபோது, எரேமியாவின் முதல் பதில் "ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக" என்பதே. பிறகு, சமாதானத்தைச் சொல்லும் தீர்க்கதரிசி அது நிறைவேறும்போதுதான் அறியப்படுவான் என்ற அளவுகோலை எல்லார் முன்பாகவும் வைத்தார். எரேமியாவின் கழுத்திலிருந்த அடையாள மரநுகத்தை அனனியா முறித்துப்போட்டபோதும் அவர் வாதாடவில்லை, தன் வழியே போனார். மறுப்பைச் சொன்னது, தனக்கு வார்த்தை உண்டானபிறகு திரும்பிவந்துதான்.