நிஜக் களிமண் போக்கர் சிப், சொந்த டிசைனில் செய்து வாங்கியவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

குன்னூர்க் குளிர்:
முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நேந்திரங்காய் சிப்ஸ் பற்றிய கேள்வி இல்லை. போக்கரில் காசுக்குப் பதிலாக வைக்கிற வட்டக் காயைத்தான் சிப் என்கிறேன். தமிழில் தேடினால் வறுவல் கடைகள்தான் வருகின்றன, அதனால் இங்கே வந்தேன்.

நாங்கள் ஆறு பேர். சனிக்கிழமை ராத்திரி ஆடுவோம், காசு கிடையாது, கடைசி இடத்துக்கு வருபவன் அடுத்த வாரம் வர்க்கி வாங்கி வர வேண்டும், அவ்வளவுதான். இரண்டு வருடம் முன்னால் ஆன்லைனில் 'களிமண், 11.5 கிராம்' என்று போட்டிருந்த ஒரு செட் வாங்கினோம். ஒரு நாள் ஒன்று தரையில் விழுந்து பிளந்தது, பார்த்தால் உள்ளே இரும்புத் தகடு! காந்தம் வைத்தால் மொத்த அடுக்கும் ஒட்டிக்கொண்டு வருகிறது. களிமண்ணாம்.

போன மாதம் ஒரு பழைய எஸ்டேட் பங்களாவின் சாமான்களை விற்றபோது பழைய சாமான் கடைக்காரர் ஒருவரிடம் ஒரு தகர டப்பா கிடைத்தது. 96 காய்கள், சிவப்பு, பச்சை, மஞ்சள். எழுத்து எதுவும் இல்லை, வழவழப்பு, ஒன்றோடு ஒன்று தட்டினால் அப்படி ஒரு சத்தம். இதுதான் நிஜக் களிமண் என்று தெரிந்துவிட்டது, அதிலிருந்து தூக்கம் போச்சு. அதே மாதிரி, ஆனால் எங்கள் ஊர் டிசைனில் ஒரு 500 காய் செய்து வாங்க ஆசை. நடுவில் குன்னூர் பள்ளத்தாக்கின் போட்டோ, அதன் மேல் குறிஞ்சிப் பூ, ஓரத்தில் தோடர் எம்பிராய்டரி. எங்கே கொடுப்பது? அப்புறம் இந்தப் பழைய காய்களுக்குத் தேங்காய் எண்ணெய் தடவிப் பளபளப்பாக்கலாமா?

கப்பல் டீலர்:
தம்பி, நான் கோத்தகிரி. ஒன்பது வருடம் சொகுசுக் கப்பலின் காசினோ மேசையில் சீட்டுப் போட்டவன், இப்போது கேரட் போடுகிறேன். கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: தேங்காய் எண்ணெய் கூடவே கூடாது. நம் குளிரில் அது காயின் மேலேயே உறைந்து உட்காரும், நாளடைவில் காறல் வாடை அடிக்கும். வெதுவெதுப்பான தண்ணீர், கொஞ்சம் சோப்பு, பழைய டூத் பிரஷ், போதும். களிமண் சிப் வெளிறித் தெரிந்தால் கெட்டுப்போகாத மினரல் ஆயிலில் ஒரு துளி.

ஆனால் உன் டப்பாவில் இருப்பது களிமண்தானா என்றே எனக்குச் சந்தேகம். வழவழப்பு என்கிறாய், எழுத்தில்லை என்கிறாய், மஞ்சள் என்கிறாய். ஒரு மஞ்சள் காயை வெந்நீரில் ஒரு நிமிடம் போட்டு எடுத்து உடனே முகர்ந்து பார். என்ன வாடை என்று வந்து எழுது, அதற்கப்புறம் பேசுவோம்.

அதற்குள் களிமண் சிப் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பேரே ஏமாற்றுப் பேர். அது குயவர் சூளையில் வைத்துச் சுடும் மண் இல்லை. களிமண், சுண்ணாம்புப் பொடி, நிறம், பிடிமானத்துக்குப் பிசின் எல்லாம் கலந்த ஒரு கலவை, விகிதத்தைக் கம்பெனிக்காரர்கள் வெளியே சொல்லமாட்டார்கள். அதைச் சப்பாத்தி மாதிரி தேய்த்து வட்டமாக வெட்டுவார்கள். வெட்டிய வட்டத்தின் ஓரத்தில் சின்னச் சின்னப் பள்ளம் எடுத்து, அதே அளவில் வேறு நிறத் துண்டை வெட்டிக் கையால் சொருகுவார்கள், இதுதான் எட்ஜ் ஸ்பாட், ஓரப் பட்டை என்று வைத்துக்கொள். பிறகு மேலும் கீழும் இன்லே என்கிற அச்சடித்த காகித வட்டத்தை வைத்துச் சூட்டில் பெரிய அழுத்தம் கொடுத்தால் எல்லாம் ஒன்றாகிவிடும். பட்டை மேலே பூசியது இல்லை, காயின் கனம் முழுக்க ஊடுருவி நிற்கும். எடை 8லிருந்து 10 கிராம்தான், குறுக்களவு 39 மில்லிமீட்டர். கனமாக இருந்தால் உசத்தி என்பது கடைக்காரன் கட்டிய கதை. உன் 11.5 கிராமில் இரும்பும் சேர்த்தி.

எங்கே கொடுப்பது: அமெரிக்காவில் பால்சன் என்று ஒரு பேர் கேள்விப்பட்டிருப்பாய், 1963இல் தொடங்கியது, காயைச் சுற்றித் தொப்பியும் கைத்தடியும் பதித்திருக்கும். அது காசினோக்களுக்கு மட்டும், நமக்குத் தரமாட்டார்கள். தனி ஆட்களுக்குச் செய்து தருவது மெய்ன் மாநிலத்தில் இருக்கும் கிளாசிக் போக்கர் சிப்ஸ். பட்டை எவ்வளவு சிக்கலோ அவ்வளவு விலை, கைக்கு வர மாதக் கணக்காகும், சுங்க வரி தனி.

500 காய் எதற்கு? ஆறு பேருக்கு ஆளுக்கு 10,000 புள்ளி என்று வை. 25 மதிப்புக் காய் 12, 100இல் 12, 500இல் 5, 1000இல் 6. கூட்டிப் பார், சரியாக வரும். ஆளுக்கு 35 காய், மொத்தம் 210. தொலைவதற்கும் உடைவதற்கும் சேர்த்து 240 போதும். மிச்சக் காசைப் பட்டையில் போடு.

குன்னூர்க் குளிர்:
அண்ணா, முகர்ந்தேன். பிளஸ் டூ உயிரியல் லேபில் தவளையைப் போட்டு வைத்திருப்பார்களே ஒரு பாட்டில், அந்த வாடை. மனைவி அடுப்படியை விட்டே வெளியே போகச் சொல்லிவிட்டாள். என்ன இது?

கப்பல் டீலர்:
நினைத்தேன். பேக்கலைட் குடும்பம், ஃபீனாலிக் பிசின், அந்தக் காலத்துப் பிளாஸ்டிக் என்று வைத்துக்கொள். லியோ பேக்லாண்ட் 1907இல் கண்டுபிடித்தது, சூடு பட்டால் அந்த ஃபார்மலின் வாடை வரும். மஞ்சள் காய் ஒன்றின் ஓரத்தை லேசாகச் சுரண்டிப் பார், உள்ளே வெளுப்பாகத் தெரிந்தால் அது பிறவியில் வெள்ளைக் காய், வயதாகி வெண்ணெய் நிறத்துக்கு வந்திருக்கிறது. இன்று ஸ்னூக்கர் பந்து செய்வதும் இதே வகைப் பிசினில்தான், அந்தச் சத்தம் உனக்கு ஏன் பிடித்தது என்று இப்போது புரிகிறதா? வருத்தப்படாதே, நல்ல பொருள்தான், களிமண் இல்லை, அவ்வளவுதான். வியாழக்கிழமை குன்னூர் மார்க்கெட் வருவேன். என்னிடம் இருக்கும் களிமண் சிப் இருபது கொண்டுவருகிறேன். கையில் வைத்துப் பார்த்துவிட்டு ஆர்டர் கொடு.

வெலிங்டன் வாத்தியார்:
ஸ்னூக்கர் என்றதும் ஒன்று சொல்லாமல் போக முடியவில்லை. ஆட்டம் 1875இல் ஜபல்பூரில் பிறந்தது, ஆனால் அதன் விதிகளை எழுதி மாட்டியது நம் ஊட்டி கிளப்பின் பில்லியர்ட்ஸ் அறையில். அது நிற்க. வர்க்கிக்கு ஆடுகிறவரைக்கும் ஆடுங்கள், அதைத் தாண்டி ஒரு பத்து ரூபாய்கூட மேசைக்கு வரக்கூடாது. 1930ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. நாலு பேர் சத்தம் கேட்டு எட்டிப் பார்க்கும்போது மேசை மேல் 1000 என்று எழுதிய காய் குவிந்திருந்தால் என்ன நினைப்பார்கள் என்பதையும் யோசியுங்கள்.

அச்சுக்கட்டை:
நான் பிரஸ் வைத்திருந்தவன், போக்கர் தெரியாது, ரம்மிகூடச் சுமார்தான். ஆனால் அந்த இன்லே பற்றி ஒரு வார்த்தை. ஏறக்குறைய ஒரு அங்குல வட்டம், அதற்குள் பள்ளத்தாக்கு, குறிஞ்சி, எழுத்து, எண் எல்லாம் வேண்டும் என்கிறீர்கள். கல்யாணப் பத்திரிகையில் தாத்தா பாட்டி போட்டோவில் ஆரம்பித்துப் பிள்ளையார் வரைக்கும் திணிப்பார்களே, அந்தக் கதைதான். போட்டோ அந்த அளவில் பச்சைக் கறையாகத்தான் தெரியும். தமிழ் எழுத்து வேறு விஷயம்: சின்ன அளவில் முதலில் சாகிறது புள்ளி. 'கல்லாறு' என்பதில் ல் மேல் புள்ளி போனால் 'கலலாறு' ஆகிவிடும். ண, ணை மாதிரி எழுத்துகளில் சுழிக்குள் மை அடைத்துக்கொள்ளும். மெல்லிய எழுத்தும் வேண்டாம், ரொம்பத் தடித்த எழுத்தும் வேண்டாம், நடுத்தரம். எண்ணைப் பெரிதாக நடுவில் போடுங்கள், ஊர்ப் பேரை வட்டமாகச் சுற்றி ஓடவிடுங்கள், பின்னால் ஒரே நிறம். அச்சடித்த அளவிலேயே ஒரு தாளில் எடுத்து, வெட்டி, கை நீட்டும் தூரத்தில் வைத்துப் படித்துப் பாருங்கள். கம்ப்யூட்டர் திரையில் பெரிதாக்கிப் பார்த்து ஏமாந்தவர்கள் என் கடைக்கு வந்து என்னோடு சண்டை போட்டிருக்கிறார்கள்.

பைக்காரா அக்கா:
தோடர் எம்பிராய்டரி ஓரத்தில் என்று எழுதியிருந்தது உறுத்தியது, அதனால்தான் எழுதுகிறேன். பார்க்க அழகுதான், வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்பும், வரைந்து வைத்துக்கொண்டு போடுவதில்லை, இழையை எண்ணி எண்ணிப் போடுவது. 2013இல் புவிசார் குறியீடும் வாங்கியாயிற்று. ஆனால் அந்த வேலை போட்ட போர்வையைத்தான் அவர்கள் இறந்தவர்களுக்கும் போர்த்தி அனுப்புகிறார்கள். அதைக் கொண்டுபோய்ச் சீட்டாட்டக் காயில் வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. நீங்கள் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை என்று தெரியும். அந்த வேலை பிடித்திருந்தால் ஒரு சால்வை வாங்குங்கள், போட்டவர்களுக்குக் காசு போகும்.

குன்னூர்க் குளிர்:
அக்கா, அது எனக்குத் தெரியாது. எடுத்துவிட்டேன். அச்சுக்கட்டை சார் சொன்ன மாதிரி வெட்டிப் பார்த்தேன், பள்ளத்தாக்கு நிஜமாகவே கொத்தமல்லிச் சட்னி மாதிரி இருந்தது. அதுவும் போச்சு.

வியாழக்கிழமை கப்பல் அண்ணாவை பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் பார்த்தேன். களிமண் சிப்பை முதல் தடவை தொட்டபோது கொஞ்சம் ஏமாற்றம் என்றுதான் சொல்ல வேண்டும், பளபளப்பே இல்லை, கரும்பலகை மாதிரி வறட்டுத் தன்மை, எடையும் இல்லை. அப்புறம் அண்ணா இருபதையும் ஒரே அடுக்காக வைத்துப் பக்கத்தில் குனிந்து பார்க்கச் சொன்னார். மேலே இருந்து பார்க்கும்போது சும்மா நாலு பட்டை, பக்கத்தில் இருந்து பார்த்தால் அடுக்கு முழுக்கச் சிதறி ஓடுகிறது, நடுவில் ஒரே ஒரு பச்சை மாறி வந்திருந்தது, எண்ணாமலே கண்ணில் குத்தியது. ஐந்து ஐந்தாகப் பிரித்துக் காட்டினார், வழுக்கவில்லை, ஒன்றை ஒன்று லேசாகப் பிடித்துக்கொள்கிறது. சத்தம் 'டிங்' இல்லை, 'டொக்'. வீட்டுக்கு வந்து பிளாஸ்டிக் செட்டைத் தொட்டால் சமையல் பாத்திரம் கழுவுகிற மாதிரி இருக்கிறது, கெட்டுப்போனேன்.

கப்பல் டீலர்:
பக்கத்திலிருந்து பார்ப்பதற்குத்தான் பட்டையே. மேசையில் சிப் அடுக்காகத்தான் நிற்கும், இன்லேயை யார் பார்க்கிறார்கள்? கள்ளக் காய் செய்யவும் கஷ்டம், கலந்து வைத்தாலும் தெரியும். டிசைன் என்றால் முதலில் பட்டை, அப்புறம் அடிநிறம், கடைசியில்தான் நடுப் படம். சின்ன மதிப்புக்கு எளிய பட்டை, மதிப்பு ஏற ஏறப் பட்டையும் நிறமும் கூட வேண்டும். இன்னொன்று, உங்கள் வீட்டில் கரண்ட் போனால் மெழுகுவர்த்தியில் ஆடுவோம் என்று டீக்கடையில் சொன்னாய். கருநீலம், ஊதா, கறுப்பு மூன்றும் அந்த வெளிச்சத்தில் ஒன்றுதான். ஆறு பேரில் யாருக்காவது சிவப்பு பச்சை குழப்பம் இருக்கிறதா என்றும் கேட்டுக்கொள், ஒருவருக்கு இருந்தாலும் அந்த இரண்டை அடுத்தடுத்த மதிப்பில் வைக்காதே.

குன்னூர்க் குளிர்:
ஒருவனுக்கு இருக்கிறது! பத்து வருடப் பழக்கம், கேட்ட பிறகுதான் சொன்னான்.

சரி, புது யோசனை. மலை ரயில். மதிப்பு ஏறுவதும் ரயில் ஏறுவதும் ஒன்றாக இருக்கட்டும். 25 மேட்டுப்பாளையம், 100 கல்லாறு, 500 குன்னூர், 1000 ஊட்டி. ஓரப் பட்டை தண்டவாளத்தின் நடுவில் ஓடும் பல் சட்டம் மாதிரி, இரண்டு நிறம் மாறி மாறி. மேலே போகப் போகப் பல் அதிகம். எப்படி?

வெலிங்டன் வாத்தியார்:
யோசனை நன்று, விஷயம் தப்பு. பல் சட்டம் கல்லாற்றிலிருந்து குன்னூர் வரைக்கும்தான். 12 அடிக்கு ஓர் அடி ஏற்றம் அங்கேதான் இருக்கிறது. குன்னூரைத் தாண்டினால் சாதாரணத் தண்டவாளம், எங்கள் வெலிங்டனில் வந்து தேடினாலும் ஒரு பல் கிடைக்காது. ஊட்டிச் சிப்பில் நிறையப் பல் போட்டீர்களானால் அது பொய். மேட்டுப்பாளையத்துக்கும் பல் கிடையாது.

அச்சுக்கட்டை:
சார் சொல்வது சரி. ஆனால் அந்தச் சட்டம் இரண்டு வரிசையாகப் பற்கள் மாற்றி மாற்றி வருமே, ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் இன்னொன்றின் பள்ளம். ஜோடிப் பட்டையாக வைத்தால் அடுக்கில் அது அப்படியே வரும் என்று நினைக்கிறேன்.

குன்னூர்க் குளிர்:
அப்படியானால் முடிவு செய்துவிட்டேன். 25 மேட்டுப்பாளையம், வெறும் காய், பட்டையே இல்லை, அதனால் விலையும் குறைவு. 100 கல்லாறு, பட்டை ஆரம்பம். 500 நடுவழி ஸ்டேஷன் ஹில்குரோவ். 1000 குன்னூர், பல் உச்சம். ஊட்டிக்கு மதிப்பே கிடையாது, சீட்டுப் போடுகிறவர் முன்னால் வைக்கிற பட்டனில் போட்டுக்கொள்கிறோம். எங்கள் ஆறு பேரில் இரண்டு பேர் ஊட்டிக்காரர்கள், சனிக்கிழமை இதைச் சொல்லும்போது பழைய பேக்கலைட் டப்பாவை ஒளித்து வைத்துவிட்டுத்தான் சொல்லப் போகிறேன், எதையாவது எடுத்து எறிவார்கள்.