பாட்டு கேட்டால் உடனே பிடிக்கிறார்கள், வசவு மட்டும் ஏன் கண்ணில் படுவதில்லை?

சமையல்கட்டு:
அக்கா ஒரு சமையல் சேனல் நடத்துகிறாள். பக்கத்து வீட்டு டிவியில் ஓடிய சினிமாப் பாட்டு ஒரு வீடியோவில் பின்னால் லேசாகக் கேட்டுவிட்டது, அவ்வளவுதான், அப்லோடு முடிந்த கையோடு காப்புரிமை நோட்டீஸ் வந்து நின்றது. அதே வீடியோவுக்குக் கீழே ஒருத்தன் அவள் உடம்பையும் சாதியையும் இழுத்துக் கேவலமாக எழுதியிருக்கிறான், நாங்கள் ரிப்போர்ட் அடித்தோம், சொந்தக்காரர்கள் அத்தனை பேரையும் அடிக்கச் சொன்னோம், கமெண்ட் அசையாமல் அங்கேயேதான் இருக்கிறது. பாட்டைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவர்களுக்கு இது தெரியாதா, இல்லை அக்கறை இல்லையா?

நூல்கண்டு:
ரெண்டும் வேறு வேறு வேலை. பாட்டு விஷயத்தில் மெஷின் எதையும் 'புரிந்துகொள்வது' இல்லை. உரிமையாளர் கொடுத்த ஒரிஜினலின் ஒலி ரேகை அதனிடம் ஏற்கெனவே இருக்கிறது, உங்கள் வீடியோவை அதோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது. யூடியூபின் கன்டென்ட் ஐடி 2007-லிருந்து இதைத்தான் செய்கிறது. குழந்தைகளை வைத்து எடுக்கும் ஆபாசப் படங்களைப் பிடிக்க 2009-ல் மைக்ரோசாஃப்டும் டார்ட்மத் கல்லூரியின் ஹானி ஃபரீதும் உருவாக்கிய ஃபோட்டோடிஎன்ஏவும் இதே வழிதான்: தெரிந்த படத்துக்கு ஒரு எண் கோவை, அதே படம் மறுபடி வந்தால் பிடி. படத்தின் அளவை மாற்றினாலும் பெரும்பாலும் மாட்டிக்கொள்ளும்.

புதிதாக வருவதில்தான் சறுக்கல். 2019-ல் நியூசிலாந்து கிறைஸ்ட்சர்ச் மசூதித் தாக்குதலைக் கொலைகாரன் ஃபேஸ்புக்கில் லைவாகவே ஓட்டினான், மெஷினுக்கு ஒன்றும் தெரியவில்லை. அதன் பிறகு 24 மணி நேரத்தில் 15 லட்சம் பிரதிகளை நீக்கினார்கள், அதில் 12 லட்சத்தை ஏறும்போதே தடுத்துவிட்டார்கள். மிச்சம் 3 லட்சம் உள்ளே வந்துவிட்டது, திரையை மறுபடி கேமராவில் பிடித்தும் ஓரத்தை வெட்டியும் போட்டால் ரேகை மாறிவிடுகிறதே. உங்கள் அக்காவைத் திட்டியவன் எழுதியதற்கோ ஒரிஜினல் என்று ஒன்றே கிடையாது.

பழைய_க்யூ:
ஒரு காண்ட்ராக்ட் கம்பெனியில் தமிழ் கமெண்ட்களைச் சரிபார்க்கும் வேலையில் இருந்தவன். தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடிப்பான், நடுவில் ஒரு புள்ளி, ஒரு நட்சத்திரம் வைப்பான், ஒரே கெட்ட வார்த்தைக்கு இருபது எழுத்துக்கூட்டல் வரும். சாதித் திட்டு இன்னும் மோசம், பல நேரம் கெட்ட வார்த்தையே இருக்காது, ஒரு தொழில் பெயரையோ சாப்பாட்டையோ சொல்லிவிட்டுச் சிரிக்கிற எமோஜி போட்டுவிட்டுப் போவான். எங்கள் திரையில் பெரும்பாலும் அந்த ஒற்றை வரிதான் வரும், மேலே வீடியோவில் யார் இருக்கிறார், என்ன பேச்சு நடந்தது எதுவும் தெரியாது. 'வெறுப்புப் பேச்சு' என்று ரிப்போர்ட் வந்தால் அந்தக் கண்ணோடு பார்ப்போம், 'ஸ்பேம்' என்று வந்தால் ஸ்பேமா இல்லையா என்று மட்டும் பார்த்துத் தள்ளிவிடுவோம். அதனால் சொந்தக்காரர்கள் படையெல்லாம் வேண்டாம். எத்தனை பேர் ரிப்போர்ட் செய்தார்கள் என்பதை வைத்து எதையும் நீக்குவதில்லை என்று இன்ஸ்டாகிராமே சொல்கிறது. சரியான வகையில் ஒரே ஒரு ரிப்போர்ட் போதும்.

கண்டிக்காரன்:
மொழி தெரிந்த ஆள் இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்று எங்களைக் கேளுங்கள். 2018 மார்ச்சில் இலங்கையில் கண்டிப் பக்கத்துத் திகனவில் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் எரிந்தபோது, கொல்லச் சொல்லிச் சிங்களத்தில் எழுதிய பதிவுகளை ஆட்கள் ரிப்போர்ட் செய்ய, விதிமீறல் இல்லை என்று பதில் வந்தது. கடைசியில் அரசாங்கம் ஃபேஸ்புக்கையே மறித்தது. கம்பெனி மன்னிப்புக் கேட்டது 2020-ல். அதற்காக எல்லாவற்றையும் மெஷினிடம் கொடுங்கள் என்றும் நான் சொல்ல மாட்டேன். கொரோனா நேரத்தில் ஆட்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு யூடியூப் மெஷினை நம்பியபோது, மூன்றே மாதத்தில் ஒரு கோடிக்கும் மேல் வீடியோ போனது, தப்பாகப் போனதும் ஏராளம், அப்பீல் செய்தவர்களில் பாதிப் பேருக்கு வீடியோ திரும்பக் கிடைத்தது.

நூல்கண்டு:
இந்தியாவில் இருந்தால் இன்னொரு வழி உண்டு. 2021 ஐடி விதிகளின்படி ஒவ்வொரு பெரிய தளத்துக்கும் குறைதீர்ப்பு அதிகாரி இருக்க வேண்டும், அவர் பெயரும் முகவரியும் தளத்திலேயே இருக்கும். லிங்க், ஸ்கிரீன்ஷாட், தமிழில் எழுதியதற்கு ஒரு வரி விளக்கம், மூன்றையும் சேர்த்து அனுப்புங்கள். பதில் திருப்தியாக இல்லையென்றால் 30 நாளுக்குள் மத்திய அரசின் மேல்முறையீட்டுக் குழுவுக்குப் போகலாம். ஸ்கிரீன்ஷாட் எடுப்பதற்கு முன் கமெண்டை நீங்களே நீக்கிவிடாதீர்கள், நாளைக்கு சைபர் கிரைம் வரை போக வேண்டியிருந்தால் அதுதான் ஆதாரம்.

யாராவது அவள் முகத்தை மார்ஃபிங் செய்து படம் போட்டால் கதை வேறு. புகார் கொடுத்தால் அதை 2 மணி நேரத்தில் எடுத்தாக வேண்டும், 2026 பிப்ரவரிக்கு முன்னால் அது 24 மணி நேரமாக இருந்தது. அது அந்தரங்கப் படமாக இருந்தால், அப்படிப்பட்ட படங்கள் அனுமதியில்லாமல் பரவுவதைத் தடுக்கும் ஸ்டாப்என்சிஐஐ தளத்திலும் பதியலாம், படம் உங்கள் போனை விட்டு வெளியே போகாது, அதன் எண் கோவை மட்டும்தான் அதில் சேர்ந்திருக்கும் தளங்களுக்குப் போகும்.

சமையல்கட்டு:
நன்றி எல்லோருக்கும். தடை வார்த்தைப் பட்டியல் ஒன்று செட்டிங்ஸில் இருக்கிறது, அதில் இங்கிலீஷ் எழுத்துக்கூட்டல்களையும் போடலாமா? அந்த ஆளை சேனலிலிருந்து மறைத்தால் அவனுக்குத் தெரிந்து புது ஐடியில் வருவானோ என்று அக்கா பயப்படுகிறாள்.

பழைய_க்யூ:
போடுங்கள், தமிழ் எழுத்திலும் போடுங்கள். மறைத்தால் அவனுக்கு நோட்டிஃபிகேஷன் போகாது, தன் கமெண்டை யாரும் பார்க்கவில்லை என்பதே தெரியாமல் எழுதிக்கொண்டிருப்பான்.