ஹேண்டில்பார், ரைசர்: கையேட்டுக்குத் தமிழ்ச் சொற்கள் தேவை

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

மோட்டார் சைக்கிளின் ஹேண்டில்பாரை மாற்றிக்கொள்ள விரும்புவோருக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஹேண்டில்பாரைக் ‘கைப்பிடி’ என்றால் அதன் முனைகளில் மாட்டும் ரப்பர் கிரிப்புக்குச் சொல் இல்லாமல் போகிறது. பெரிய இடர் ரைசரில் இருக்கிறது. பாரின் வளைவு தரும் உயரம் வேறு, பாருக்கு அடியில் நின்று அதை முழுதாகத் தூக்கும் ரைசரின் உயரம் வேறு. இரண்டுக்கும் ஒரே சொல்லை எழுதினால், 2 அங்குல ரைசரோடு 2 அங்குலம் கூடுதலாக எழும் பாரையும் வாங்குபவர், பிடி 4 அங்குலம் மேலேறி கிளட்ச் கேபிளும் பிரேக் ஹோஸும் எட்டாமற் போகும் என்பதைப் பொருத்தும்போதுதான் அறிவார். தெளிவான இரு சொற்கள் வேண்டும்.

— மொழிபெயர்ப்பாளர்

வணக்கம். ஹேண்டில்பாருக்கு ‘மேழி’ இருக்கிறதே! கலப்பையைப் பிடித்துச் செலுத்தும் உறுப்பு மேழி. கொன்றை வேந்தன் படித்த எவருக்கும் அது தெரியும். முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க் குழாய்கள் இரண்டையும் பிணைக்கும் மேல்தகட்டை ஆங்கிலேயரும் நுகம் என்ற பொருள்படவே அழைக்கிறார்கள். மேழியும் நுகமும் ஒரே ஏரைச் சேர்ந்தவை என்பதால் ஒன்று மற்றொன்றை விளக்கும். ரைசருக்கு ‘எழு’ என்பதைப் பரிந்துரைக்கிறேன். வினையாக நின்றால் உயர்தலையும், பெயராக நின்றால் சங்கப் பாடல்களில் கோட்டைக் கதவுக்குக் குறுக்கே இடும் கணையமரத்தையும் அது குறிப்பதால், உயர்ச்சியும் உறுதியும் ஓரெழுத்தும் கூடாமலேயே ஒரு சொல்லில் அடங்கிவிடுகின்றன.

— தமிழாசிரியர்

ஐயா, பணிமனையில் நிற்பவனாக எழுதுகிறேன். ‘எழு 28.6 மில்லிமீட்டர்’ என்று அச்சிட்டால் படிப்பவர் ஏவல்வினை என்றோ எண் என்றோ மயங்குவார். மேழியை உழவர் பெரும்பாலும் ஒரு கையால் பிடிப்பார்; இங்கே இரு கைகளும் அகன்று பிடித்துத் திருப்ப வேண்டும். மேலும், பெயரைவிட அளவு முந்தி வர வேண்டும். பெரும்பாலான வண்டிகளின் பார் 22 மில்லிமீட்டர் விட்டமுடையது; குரூசர் வகைப் பெரிய வண்டிகள் பலவற்றில் 25.4. நடுவில் பருத்து முனைகளில் மெலியும் பாருக்கு, ரைசர் கவ்வும் நடுப்பகுதியான கிளாம்ப் பகுதி பெரும்பாலும் 28.6, பிடிக்குமிடம் 22. ரைசரின் வாய் கிளாம்ப் பகுதியின் விட்டத்தோடு ஒத்திருந்தால்தான் பார் உட்காரும். ஃபோர்க் குழாயிலேயே நேராகப் பிணையும் ஹேண்டில்பார் வகையான கிளிப்-ஆனுக்கோ இந்த ரைசரே பொருந்தாது. ஹேண்டில்பார், ரைசர் என்றே எழுதுங்கள்; கடையில் கேட்கும் சொல் அதுதான்.

— பணிமனைக்காரர்

புழங்கும் சொல்லை எழுதுவதோடு நின்றால் நமக்கு வேலையே இல்லை. ஆனால் பொருள் மயங்கும் தனித்தமிழும் உதவாது. ‘திருப்புகோல்’ என்று முதலில் எண்ணினேன், அது திருப்புளியை நினைவூட்டுகிறது. ‘உயர்த்தி’ என்றால் மாடிக்கு ஏறும் லிஃப்ட் முன்னே வருகிறது. ‘தாங்கி’ முற்றிலும் ஆகாது: அது பேரிங்குக்கு நிலைபெற்றுவிட்டது, ஸ்டீயரிங் பேரிங்கோ ரைசருக்குச் சற்றுக் கீழேயே இருக்கிறது. ஒரே பக்கத்தில் இரண்டும் வந்தால் ஒருவர் தவறான போல்ட்டைத் தளர்த்தக்கூடும். ‘ஏந்துகால்’ எனலாமா? ஏந்து என்பதற்குத் தாங்குதலோடு உயர்தலும் பொருள். நிமிர்ந்த கொம்பை ‘ஏந்து கோடு’ என்பது பழைய வழக்கு. கால் என்பதால் கீழே நிற்கும் உறுப்பு என்பதும் விளங்கும். பாரின் சொந்த உயரத்துக்கு ‘ஏற்றம்’, ஓட்டுநரை நோக்கி வளையும் அளவுக்குப் ‘பின்வளைவு’ போதும்.

— அகராதிப் பணியில் இருப்பவர்

அம்மா, ஏந்துகாலை ஏற்கிறேன், ரைசர் என்பது ஓரிடத்திலாவது உடன்வர வேண்டும். ஆனால் ரைசர்களுள் சில பாரைத் தூக்குவதோடு பின்னுக்கும் தள்ளும். அவற்றைப் ‘பின்னேந்துகால்’ என்று தயவுசெய்து நீட்டிவிடாதீர்கள், ‘பின்சாய்ந்த ஏந்துகால்’ என்றாலே புரியும். இன்னொன்று: பொருத்திய பின் இருபுறமும் முழுதாகத் திருப்பி, கேபிள் இழுபடவில்லை, பிடி டேங்கில் இடிக்கவில்லை என்று பார்க்கும்படி எழுதுங்கள். எஞ்சின் ஓடும்போது திருப்பியும் வேகம் கூடாதிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஆக்சிலரேட்டர் கேபிள் குறைந்தால் அங்கேதான் தெரியும். எந்தச் சொல்லை வைத்தாலும் இவ்வரிகள் மட்டும் விடுபடக் கூடாது.

— பணிமனைக்காரர்

அனைவருக்கும் நன்றி. நாள் நெருங்குவதால் ஹேண்டில்பாரை அப்படியே வைத்து, கிரிப்பைக் ‘கைப்பிடி’ என்றும், ரைசரை முதல் வருகையில் ‘ஏந்துகால் எனப்படும் ரைசர்’ என்றும் பின்னர் ஏந்துகால் என்றும் எழுதுகிறேன். ஏற்றமும் பின்வளைவும் அளவுப் படத்தில் இடம்பெறும்.

— மொழிபெயர்ப்பாளர்

ஏந்துகால் அழகிய சொல், மகிழ்ச்சி. ஆனால் சிறிய உறுப்புகளுக்கெல்லாம் தமிழ் தேடிவிட்டு, ஓட்டுபவர் கையில் எப்போதும் இருக்கும் தலையாய உறுப்பை ஹேண்டில்பார் என்று விடுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஒரு கையால் பிடிப்பது என்ற தடையை ‘இருகை மேழி’ நீக்கிவிடும். மறுபதிப்பின்போது இதனைப் பரிசீலிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

— தமிழாசிரியர்